நிலையான அயர்ன் சைட் உள்ள ரைஃபிளுக்கு ரெட் டாட்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் உள்ளது ஏஆர்-15 வகை ரைஃபிள். அதன் முன் சைட் பீப்பாயின் மேல் கேஸ் பிளாக்கோடு (சுடும்போது பீப்பாயிலிருந்து வாயுவை எடுக்கும் பகுதியோடு) சேர்ந்து நிற்பது. பின் சைட்டும் மடங்காது. இலக்குப் பயிற்சிக்காக ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) ஒன்று வாங்க விரும்புகிறேன். ஒரு விற்பனையாளர் இந்த அயர்ன் சைட்டுகளை, அதாவது கண்ணாடியில்லாத குறிபார்ப்பான்களை, கழற்றிவிடச் சொல்கிறார். மற்றொருவர் எந்த மவுன்ட் (ரெட் டாட்டை ரைஃபிளின் மேல் தாங்கும் பிடி) வாங்கினாலும் பொருந்தும் என்கிறார். எதை ஏற்பது?

பதில்: இரண்டையும் ஏற்க வேண்டியதில்லை. நிலையான அயர்ன் சைட்டும் ரெட் டாட்டும் ஒரே ரைஃபிளில் நன்றாகவே சேர்ந்து இயங்கும். ஆனால் உங்கள் சைட்டுகளின் உயரம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒன்று என்பதால், ரெட் டாட்டின் மவுன்ட்தான் அதற்கு இசைய வேண்டும். ஆகவே எந்த நிறுவனத்தின் ரெட் டாட் என்ற கேள்விக்கு முன்பாக, எந்த உயரத்து மவுன்ட் என்ற கேள்விக்கு விடை தேடுங்கள்.

இவ்வகை ரைஃபிள்களில் அயர்ன் சைட்டின் பார்வைக் கோடு, ரெயிலின் (ரைஃபிளின் மேல் கருவிகளைப் பொருத்தும் பள்ளமிட்ட பட்டையின்) மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1.4 அங்குலம், அதாவது 36 மி.மீ. உயரத்தில் செல்கிறது. ரெட் டாட் கண்ணாடியின் மையமும் அதே உயரத்தில் அமைந்தால், முன் சைட்டின் முனையும் புள்ளியும் கண்ணாடியின் நடுவிலேயே ஒன்றாகத் தெரியும். இதை அப்சல்யூட் கோ-விட்னஸ் என்பார்கள். கண்ணாடியின் மையம் 38 முதல் 40 மி.மீ. வரை உயர்ந்திருந்தால், அயர்ன் சைட்டுகள் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஒதுங்கி, மேற்பகுதி திறந்திருக்கும். இதற்கு லோயர் தேர்ட் என்று பெயர். மடக்கும் சைட் வைத்திருப்பவர் எதைத் தேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை, ஏனெனில் வேண்டாதபோது அவர் மடக்கிவிடலாம். உங்கள் சைட்டோ எப்போதும் கண் முன் நிற்கப்போகிறது. அது கண்ணாடியின் நடுவில் நின்றால், புள்ளிக்குக் கீழே உள்ள இலக்கின் பகுதியை முன் சைட்டின் தூண் மறைக்கும். பின் சைட்டின் வளையமும் மங்கலான நிழலாகப் பார்வையைச் சூழும். ஆகையால் உங்களுக்கு லோயர் தேர்ட் உயரத்தையே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ரெட் டாட்டைப் பார்க்கும்போது கன்னம் பின்கட்டையின் மேல் சற்றுத் தளர்வாக இருக்கும். அயர்ன் சைட் தேவைப்பட்டால் கன்னத்தைச் சிறிது அழுத்திக் கண்ணைத் தாழ்த்தினால் போதும்.

பெட்டியோடு வரும் மவுன்ட்டைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய ரெட் டாட்டுகள் பலவற்றோடு தாழ்வான மவுன்ட் ஒன்றே தரப்படுகிறது. அது பின்கட்டை தாழ்ந்த துப்பாக்கிகளுக்கு ஏற்றது. உங்கள் ரைஃபிளில் அதைப் பொருத்தினால் கண்ணாடி அயர்ன் சைட்டின் கோட்டுக்குக் கீழே போய்விடும். பிறகு உயர்ந்த மவுன்ட்டைத் தனியாக வாங்க நேரும். விற்பவரிடம் ‘ரெயிலின் மேற்பரப்பிலிருந்து கண்ணாடியின் மையம் வரை எத்தனை மில்லிமீட்டர்?’ என்று இதே சொற்களில் கேளுங்கள். சிலர் மவுன்ட்டின் உயரத்தை மட்டும் சொல்வார்கள். அதில் கருவியின் அடிப்பாகத்துக்கும் கண்ணாடியின் மையத்துக்கும் இடைப்பட்ட உயரம் சேர்ந்திராது.

ரெயிலின் வகையையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். 1995-இல் அமெரிக்க ராணுவத் தரமாக ஏற்கப்பட்ட பிகாட்டின்னி ரெயிலின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம் உடையது, பழைய வீவர் ரெயிலின் பள்ளம் 4.57 மி.மீ. மட்டுமே. வீவர் மவுன்ட் பிகாட்டின்னியில் பெரும்பாலும் அமரும். பிகாட்டின்னி மவுன்ட் வீவரில் அமராமல் போகலாம்.

கேள்வி: என் ரைஃபிளில் இரண்டையும் பொருத்திவிட்டேன். புள்ளி முன் சைட்டின் முனையில் சரியாக உட்காரும்படி திருகினால் ஜீரோ செய்தது (குறிவைக்கும் இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்தது) போல் ஆகிவிடுமா? சில நேரங்களில் புள்ளி முனையை விட்டு விலகித் தெரிகிறதே, அது பழுதா?

பதில்: தொடக்கத்துக்கு அந்த வழி உதவும், முடிவாகக் கொள்ளக் கூடாது. இரண்டும் தனித்தனிக் கருவிகள். முதலில் ரெட் டாட்டை அணைத்துவிட்டு, அயர்ன் சைட்டை மட்டும் வைத்துக் காகித இலக்கில் சுட்டுச் சரிசெய்யுங்கள். பிறகு ரெட் டாட்டைக் கண்ணாடியின் திறந்த பகுதி வழியே பார்த்து, அயர்ன் சைட்டைக் கண்டுகொள்ளாமல், அதே தூரத்தில் தனியாக ஜீரோ செய்யுங்கள். இரண்டும் ஒரே தூரத்துக்கு ஜீரோ செய்யப்பட்டிருந்தால், அயர்ன் சைட்டுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது புள்ளி முனையின் மேலோ மிக அருகிலோ தெரியும். ஒன்று 25 மீட்டருக்கும் மற்றொன்று 100 மீட்டருக்கும் என்றால் சிறு விலகல் இயல்பே.

தலையை அசைக்கும்போது புள்ளி கண்ணாடிக்குள் நகர்வதும் பழுதன்று. எல்.இ.டி.யின் ஒளி, பூச்சிட்ட கண்ணாடியில் பட்டு ஏறத்தாழ இணைக்கதிர்களாகத் திரும்புகிறது. கண் எங்கே நகர்ந்தாலும், புள்ளி ரைஃபிள் காட்டும் திசையிலேயே தெரியும். கண் நகரும்போது புள்ளி இலக்கிலிருந்து விலகித் தெரியும் பிழையே பேரலாக்ஸ்; ‘பேரலாக்ஸ் இல்லாதது’ என்ற விளம்பர வாசகத்தை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். கண்ணாடியின் ஓரத்தில், குறிப்பாகக் குறுகிய தூரங்களில், ஓரளவு பிழை பெரும்பாலும் இருக்கவே செய்யும். நிலையான அயர்ன் சைட் உங்களுக்குத் தரும் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. முன் சைட் கண்ணாடியில் வழக்கமான இடத்தில் தெரிந்தால், உங்கள் கண்ணும் வழக்கமான இடத்தில் இருக்கிறது என்று பொருள். இரண்டும் ஜீரோவான அன்று புள்ளி முனைக்கு எங்கே நின்றது என்று குறித்து வைத்துக்கொண்டால், ரைஃபிள் கீழே விழுந்த பிறகோ மவுன்ட்டின் திருகு தளர்ந்த பிறகோ ஏற்பட்ட மாற்றத்தை, ஒரு தோட்டாவும் செலவிடாமல் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்ளலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உங்கள் பார்வைக் கோடு பீப்பாயின் மையத்துக்கு மேலே ஏறத்தாழ இரண்டரை அங்குலத்தில் இருக்கிறது. எனவே சில மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கில் தோட்டா புள்ளிக்குக் கீழே ஏறக்குறைய அந்த அளவு தாழ்ந்தே படும்.

கேள்வி: கடையில் நான் பார்த்த ரெட் டாட்டுகள் எல்லாவற்றிலும் புள்ளி வட்டமாக இல்லாமல், வால் முளைத்த நட்சத்திரம் போலச் சிதறித் தெரிகிறது. விலை உயர்ந்ததை வாங்கினால் சரியாகுமா?

பதில்: எல்லாவற்றிலும் அப்படித் தெரிகிறது என்றால், கருவியைவிடக் கண்ணின் மீதே ஐயம் கொள்ள வேண்டும். அஸ்டிக்மாட்டிசம் எனப்படும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் புள்ளி இப்படித்தான் சிதறும். ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதைக் கண்ணருகே வைத்துப் புள்ளியைப் பாருங்கள். அப்போது வட்டமாகத் தெரிந்தால் காரணம் கண்ணே; கூடுதல் பணம் கொடுத்தும் பயனில்லை. கண் மருத்துவரைக் கண்டு தகுந்த மூக்குக்கண்ணாடி வாங்குவது மேல். பின் சைட்டின் சிறு துளையும் ஊசித்துளையின் வேலையையே செய்வதால், அதன் வழியே பார்க்கும்போது புள்ளி தெளிவாகும். ஒளியளவைக் குறைத்துப் பார்ப்பதும் உதவும்.

கேள்வி: பேட்டரி பல ஆண்டுகள் வரும் என்கிறார்களே. பிறகு அயர்ன் சைட் எதற்கு?

பதில்: சிறந்த ரெட் டாட்டுகள் ஒரு சிஆர் 2032 பேட்டரியில், நடுத்தர ஒளியளவில், 50,000 மணி நேரம் வரை எரியும், அது ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் பேட்டரி தீர்வது ஒரு காரணம் மட்டுமே. முன்கண்ணாடியில் மழைத்துளியோ சேறோ படியலாம், திருகு தளரலாம், கருவியின் வடிவமைப்பிலேயே குறை இருக்கலாம். ஈஓடெக் நிறுவனத்தின் ஹோலோகிராஃபிக் சைட்டுகள் கடுங்குளிரிலும் ஈரத்திலும் பிழை காட்டுகின்றன என்பதை அறிந்தும் அந்நிறுவனம் மறைத்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2015-இல் அதன் தாய் நிறுவனம் 2.56 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அவை ரெட் டாட்டிலிருந்து வேறுபட்ட நுட்பம் உடையவை. ஆயினும் பெயர் பெற்ற கருவியும் பிழைபடக்கூடும் என்பதற்கு இது போதிய சான்று.

பயிற்சிக் களத்தில் காகித இலக்கை மட்டும் சுடுபவருக்கு அயர்ன் சைட் கட்டாயமில்லை; புள்ளி அணைந்தால் அவர் அன்றைய பயிற்சியை நிறுத்திக்கொள்ளலாம். நிலையான சைட் ஏற்கெனவே இருந்தால் அதைக் கழற்றச் செலவிடாதீர்கள். புதிதாக முன் சைட் வாங்குவதானால், சூடாகும் கேஸ் பிளாக்கின் மேல் பிளாஸ்டிக் சைட்டைப் பொருத்த வேண்டாம். அங்கே உலோகம்தான் தாங்கும். கேஸ் பிளாக்கின் மேலுள்ள ரெயில், ரைஃபிளின் உடல் மேலுள்ள ரெயிலைவிடத் தாழ்ந்திருந்தால், அதற்கென உயர்த்திச் செய்யப்பட்ட முன் சைட்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முன் சைட்டைத் திருகக்கூடிய எல்லைக்குள் ஜீரோ கிடைக்காமல் போகலாம்.