நேர்காணலுக்கு முன் தொலைபேசியில் என்ன கேட்பது?

கேள்வி: சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். கணக்காளர் பணிக்கு நேர்காணல் வைத்தால் வருகிறவர்களில் பலர் சம்பளத்தைச் சொன்னதுமே எழுந்துவிடுகிறார்கள். சிலருக்கு வேலை நேரம் ஒத்துவருவதில்லை. முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, பிறகு நேரில் அழைக்கலாமா? குரலைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடலாம் என்கிறார் என் பங்குதாரர். அது சரியா?

பதில்: தாராளமாகப் பேசலாம். ஆனால் அந்த உரையாடல், இவர் நேரில் வருவதில் பயன் உண்டா என்று அறிவதற்கு மட்டுமே தவிர, ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல என்பதில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

சம்பளத்தை மறைத்து வைப்பதில் லாபம் எதுவும் இல்லை. "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு எதிர்முனையின் தயக்கத்தை அளப்பதைவிட, இந்தப் பணிக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை ஒதுக்கியிருக்கிறோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேலை நேரம், மாதக் கடைசியில் கூடுதலாக இருக்க வேண்டிய நாட்கள், இப்போதைய வேலையிலிருந்து விடுபட அவருக்குத் தேவைப்படும் அவகாசம் ஆகியவற்றையும் பேசி முடித்தால், உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதமுள்ள நேரத்தில் வேலை தொடர்பாக ஒன்றிரண்டு கேள்விகள் போதும். "உங்களுடைய பலம் என்ன?" போன்ற கேள்விகளுக்கு எல்லோரும் மனப்பாடமாக விடை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, "வங்கி அறிக்கையில் உள்ள இருப்பும் நம் ஏட்டில் உள்ள இருப்பும் ஒத்துப்போகவில்லை, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வேலையைச் செய்து பழகியவர், நாம் கொடுத்தும் இன்னும் வங்கிக்குப் போய்ச் சேராத காசோலைகள், வங்கி பிடித்துக்கொண்டு நாம் பதியாமல் விட்ட கட்டணங்கள், சென்ற மாத இருப்பு சரியாகக் கொண்டுவரப்பட்டதா என்பது என வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். விண்ணப்பத்தில் மென்பொருளின் பெயரை மட்டும் எழுதியவர், "எல்லாவற்றையும் சரிபார்ப்பேன்" என்பதோடு நின்றுவிடுவார்.

உங்கள் பங்குதாரரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய முறைத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது; ஸகரம், ஃபகரம் போன்ற ஒலிகளைத் தெளிவாக்கும் உயர் அதிர்வெண்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, எதிர்முனையில் இருப்பவர் தற்போதைய மேலாளரின் அறைக்கு வெளியே நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கலாம். அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொண்டால் நல்ல கணக்காளரை இழப்பது நீங்கள்தான். எனவே முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பி, அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டுப் பெற்று, அதன்பின் அழையுங்கள். வாடிக்கையாளர்களிடம் நாள் முழுவதும் தொலைபேசியில் பேச வேண்டிய பணி என்றால் மட்டும் குரலையும் கணக்கில் எடுப்பது நியாயம்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பேசி முடித்த கையோடு விடைகளைக் குறித்துவிடுங்கள். 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகிய உளவியலாளர்கள் ஆள்தேர்வு குறித்த 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, இவ்வாறு வரையறுத்து நடத்தும் நேர்காணல், போகிற போக்கில் பேசுவதைவிடப் பணித்திறனை நன்றாகக் கணிப்பதாகக் கண்டார்கள். தொலைபேசி உரையாடலுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும் என்பது என் கருத்து. திருமணம், குழந்தைகள், மதம் பற்றிய கேள்விகளுக்கு இதில் இடமே இல்லை. பல நாடுகளில் அவை சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும்.

பேசிய பிறகும் ஒருவரைப் பற்றி முடிவுக்கு வர முடியவில்லை என்றால், அவரை நேரில் அழைத்துவிடுங்கள். அழைக்கப் போவதில்லை என்று முடிவுசெய்தவர்களுக்கும் ஓரிரு நாட்களுக்குள் அதைத் தெரிவித்துவிடுங்கள். இரண்டு வரிச் செய்தி போதும்.