கயூகா மண்ணும் விஸ்கான்சின் காடும்

கேள்வி: அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக விழாக்களில், வளாகம் கயூகா பழங்குடியினரின் தாயகத்தில் அமைந்திருக்கிறது என்ற ஒப்புகையை முதலில் வாசிக்கிறார்கள். நிலத்தைத் திருப்பித் தராமல் இப்படி வாசிப்பதால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த வாசகத்தைக் கயூகா மக்களின் மரபுவழித் தலைவர்கள் பார்த்து ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். அவர்கள் அங்கம் வகிக்கும் பழங்குடிக் கூட்டமைப்பு கார்னெலுக்கும் நியூயார்க் மாநிலத்துக்கும் அமெரிக்க நாட்டுக்குமே முற்பட்டது என்பதும் அதில் இருக்கிறது. 1779-இல் ஜார்ஜ் வாஷிங்டனின் உத்தரவின்படி சென்ற தளபதி சல்லிவனின் படை, கயூகா ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் பீச் மரத் தோப்புகளையும் அழித்து அம்மக்களை விரட்டியது. அதே மண்ணில் அவர்களுடைய பெயர் உரக்கச் சொல்லப்படுவதை என்னால் சிறிதாக எண்ண முடியவில்லை.

என் குறை வேறு. வளாகம் நிற்கும் நிலத்தைச் சொல்லும் அந்த ஒப்புகை, பல்கலைக்கழகத்தை வளர்த்த பணம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில், கல்லூரி நடத்த மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. கார்னெல் இருக்கும் நியூயார்க் மாநிலத்துக்குக் கிடைத்த பங்கு 9,90,000 ஏக்கர். அம்மாநிலத்துக்குள் கூட்டரசின் நிலம் இல்லாததால், வேறு இடங்களில் நிலம் எடுத்துக்கொள்வதற்கான உரிமைச்சீட்டுகளாக அது வந்தது. மற்ற மாநிலங்கள் பலவும் தங்கள் சீட்டுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டபோது, பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல், நியூயார்க்கின் சீட்டுகளைக் கொண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கர் பைன் காடுகளைத் தேர்ந்தெடுத்து, விலை ஏறும்வரை காத்திருந்து விற்க வழி செய்தார். அந்த நிலப்பகுதி 1837, 1842 ஒப்பந்தங்களின் வழியே ஒஜிப்வே பழங்குடி மக்களின் கையைவிட்டுப் போனது. மோரில் சட்டத்தால் கார்னெலைப் போல் ஆதாயம் பெற்ற பல்கலைக்கழகம் வேறில்லை.

ஆகவே, திருப்பித் தருவது பற்றிய உங்கள் கேள்வியை இந்த இடத்தில் கேட்க வேண்டும் என்பேன். தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம், இச்சட்டத்தால் பெற்ற நிலங்களின் வருவாயைப் பழங்குடி மாணவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகம், கூட்டரசு அங்கீகரித்த பழங்குடிகளைச் சேர்ந்த அம்மாநில மாணவர்களுக்கு 2022 முதல் கல்விக் கட்டணத்தை ஏற்கிறது. கார்னெலின் மேடையில் கயூகா பெயருடன் ஒஜிப்வே பெயரும் ஒலிக்க வேண்டும். அந்தக் காட்டை விற்ற பணத்தில் ஒஜிப்வே பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு என்பதையும் பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும்.