மலிவான பேய்ப் படங்களிலேயே நடித்த ஒருவரைச் சிறந்த நடிகை என்று சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் பார்பரா ஸ்டீல். 1937இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை இத்தாலியப் படங்கள்.

மரியோ பாவா 1960இல் எடுத்த 'பிளாக் சண்டே'யில் அவருக்கு இரட்டை வேடம். ஒருத்தி சூனியக்காரி ஆசா. இன்னொருத்தி அவள் வம்சத்தில் பிறந்த காட்யா. தொடக்கத்திலேயே, உள்பக்கம் ஆணிகள் நிறைந்த முகமூடியை ஆசாவின் முகத்தில் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். இருநூறு வருடம் கழித்து, ஒரு டாக்டரின் கையிலிருந்து ரத்தம் சொட்டி அவள் உயிர் பெறும்போது முகமெல்லாம் ஆணி இறங்கிய ஓட்டைகள். அந்த முகத்தோடு அவள் ஆளை வசியம் செய்ய வேண்டும்! ஸ்டீல் அசையாமல் படுத்திருப்பார். கண்ணும் மூச்சும் மட்டும்தான் நடிக்கும். பயப்படுவதா, மயங்குவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருப்போம். காட்யா அறிமுகமாகும் காட்சியில் இடிந்த தேவாலயத்தில் இரண்டு பெரிய நாய்களைப் பிடித்தபடி நிற்பார், அவ்வளவுதான். முகம் ஒன்றுதான், ஆள் வேறு. பிரிட்டனில் இந்தப் படத்துக்கு 1968 வரை அனுமதியே கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் இந்தப் படங்களில் நாம் கேட்பது பெரும்பாலும் அவர் குரல் இல்லை, டப்பிங். ரோஜர் கார்மன் 1961இல் அமெரிக்காவில் பதினைந்தே நாளில் எடுத்த 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' படத்திலும் அவருடைய உச்சரிப்பு மற்றவர்களோடு ஒட்டவில்லை என்று வேறு குரலைப் போட்டுவிட்டார்கள். குரலும் இல்லை, செட்டுக்குக் காசும் இல்லை. மெழுகுவர்த்தி, நிழல், அவர் முகம், இவற்றை வைத்தே படத்தை நகர்த்த வேண்டும். கதை சுமாராக இருக்கும் படங்களில்கூட அவர் வந்தால் கண் வேறெங்கும் போவதில்லை.

உலகமே கொண்டாடும் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் '8½' படத்திலும் (1963) நடித்திருக்கிறார். அதைக் காட்டித்தான் அவரை நல்ல நடிகை என்று நிரூபிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பேய்ப் படங்களே போதும். பின்னாளில் பேர் வாங்கிய இயக்குநர்கள் ஜோனதன் டெம்மி, டேவிட் குரோனென்பெர்க் இருவரும் தங்கள் ஆரம்ப காலப் படங்களில் அவரை நடிக்க வைத்தார்கள். அப்புறம் தயாரிப்புப் பக்கம் போய், 'வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்' டிவி தொடருக்காக 1989இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் வாங்கினார்.

பார்ப்பதாக இருந்தால் 'பிளாக் சண்டே'யில் தொடங்குங்கள். பிடித்தால் அடுத்து 1965இல் வந்த 'நைட்மேர் காசில்'. அதிலும் இரட்டை வேடம்தான்.