முப்பது நாள், முப்பது காதல் படம்: வாசகர் கேள்விகள்

காதல் படம் என்றாலே எனக்கு அலர்ஜி, ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான் என்று சில இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஒரு வாசகிக்கு வாய்க்கொழுப்பாகப் பதில் எழுதியிருந்தேன். அவர் விடவில்லை. "முப்பது நாளில் முப்பது காதல் படம் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்" என்று கடிதம் வந்தது. ரோஷத்தில் சரி என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டும்விட்டேன். அதன்பிறகு வரும் கடிதங்களில் பாதி இந்தச் சவாலைப் பற்றித்தான். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள் சார், முப்பதும் பார்த்தீர்களா?

இருபத்திரண்டு. முதல் பத்து நாள் ஒழுங்காகப் போனது. பதினோராம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குப் படத்தைப் போட்டு, நாயகனும் நாயகியும் சந்திப்பதற்கு முன்பே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் அவர்களுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது, சேர்க்கவில்லை. மறுநாள் இரண்டு பார்த்து ஈடுகட்டலாம் என்று நினைத்ததுதான் அதைவிடப் பெரிய தப்பு. அன்றைய குறிப்பில் முதல் படத்து நாயகி, இரண்டாவது படத்து நாயகனை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, தினம் ஒரு படம் எனக்கு நடக்காது. ஆனால் ஆசையாக இருக்கிறது.

தினம் ஒன்று என்பது என்மேல் இருந்த கோபத்தில் விதித்த தண்டனை. நீங்கள் ஏன் அதை அனுபவிக்க வேண்டும்? வாரத்துக்கு இரண்டு போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள், பட்டியல் போடும்போதே எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். 'டைட்டானிக்' மூன்றேகால் மணி நேரம். வேலை நாளில் அதைத் தொட்டால் கப்பலோடு நீங்களும் மூழ்கிவிடுவீர்கள். 2004-இல் வந்த 'பிஃபோர் சன்செட்' 80 நிமிடம்தான். ஒன்பது வருடம் கழித்துச் சந்திக்கும் இரண்டு பேர், அவன் விமானத்துக்குக் கிளம்புவதற்குள் பேசித் தீர்க்கப் பார்க்கிறார்கள். கதையில் ஓடும் நேரமும் நாம் பார்க்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் அவனுக்கு நேரமாகிறதே என்ற பதைப்பு நமக்கும் வந்துவிடும். (அவர்கள் முதலில் சந்தித்த 'பிஃபோர் சன்ரைஸ்' 1995-இல் வந்தது. அதை முந்தின வாரமே பார்த்துவிடுங்கள்.)

கேள்வி: காதல் படத்தில் கடைசியில் சேர்வார்கள், இல்லையென்றால் பிரிவார்கள். இதில் விமர்சனம் எழுத என்ன இருக்கிறது?

நானும் இதே கட்சியில்தான் இருந்தேன். நாலைந்து படம் ஒரே மூச்சில் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சேர்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாப் படமும் ஒன்றுதான். இவர்கள் நடுவில் குறுக்கே நிற்பது எது என்று பார்த்தால் எந்த இரண்டு படமும் ஒன்றில்லை.

1996-இல் வந்த 'காதல் கோட்டை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி தொலைத்த சான்றிதழ்களை முன்பின் தெரியாத ஒருவன் கண்டெடுத்துத் தபாலில் அனுப்புகிறான், அங்கிருந்து கடிதத்திலேயே காதல் வளர்கிறது. வில்லனும் இல்லை, சாதியும் இல்லை, அரிவாளும் இல்லை. முகம் தெரியாது என்பது ஒன்றுதான் தடை. ஆனால் நமக்கு இரண்டு முகமும் தெரியும், படத்தின் மொத்த அவஸ்தையும் அதில்தான் இருக்கிறது. இருவரும் பக்கத்தில் வந்து விலகிப் போகும்போதெல்லாம் திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றுகிறது. அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்பது ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000). அடுத்தடுத்த வீட்டில் ஒரு ஆணும் பெண்ணும். இவளுடைய கணவனும் அவனுடைய மனைவியும் கள்ள உறவில் இருப்பது இருவருக்கும் தெரியவருகிறது. அந்த ஜோடியின் முகத்தைப் படம் ஒரு தடவைகூடக் காட்டாது, முதுகும் குரலும்தான். இந்த இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் வந்துவிடுகிறது, தடுப்பார் யாருமில்லை. "நாம் அவர்களைப் போல ஆகிவிடக் கூடாது" என்ற வைராக்கியம்தான் குறுக்கே நிற்கிறது. இவர்கள் சேர்ந்தார்களா இல்லையா என்று ஒரு வரியில் எழுதினால் படத்தைப் பற்றி நீங்கள் எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: நான் எழுதும் விமர்சனம் எல்லாம் கதைச் சுருக்கமாகவே முடிந்துவிடுகிறது. மூன்று பக்கம் கதை, கடைசியில் 'ஒருமுறை பார்க்கலாம்'. என்ன செய்வது?

உங்களுடையதாவது மூன்று பக்கம். என் முதல் நாள் குறிப்பை அப்படியே தருகிறேன்: "நல்ல படம். இசை அருமை. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை." இதை நான் உலகத்தில் எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். எதற்கு எழுதினேன் என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

நான்காம் நாளிலிருந்து மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கதைக்கு மூன்று வாக்கியம், அதற்கு மேல் கிடையாது. மிச்சம் எல்லாம் ஒரே ஒரு காட்சியைப் பற்றி. அடுத்தவர் விமர்சனத்தைப் படிப்பதற்கு முன்பு, படுப்பதற்கும் முன்பு, அன்றைக்கே எழுதிவிட வேண்டும். கடைசி விதிதான் முக்கியம். இணையத்தில் நாலு பேர் சொன்னதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் நம் கை அவர்கள் வாக்கியத்தைத்தான் எழுதும். அதுவும் எல்லோரும் கொண்டாடும் படம் என்றால் நமக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவே தைரியம் வராது.

காட்சியை எப்படிப் பிடிப்பது? உதாரணத்துக்கு டேவிட் லீன் இயக்கிய 'பிரீஃப் என்கவுன்டர்' (1945). இருவரும் வேறு வேறு குடும்பம் உள்ளவர்கள், ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்துப் பழகியவர்கள், இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்து கடைசித் தடவையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தெரிந்த ஒரு வாயாடிப் பெண்மணி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். விடைபெறக்கூட வழியில்லை. அவன் எழுந்து, அவள் தோளில் கையை வைத்து லேசாக அழுத்திவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் காதலின் முடிவு. இந்தக் காட்சி படத்தில் இரண்டு தடவை வருகிறது. ஆரம்பத்தில் வரும்போது யாரோ ஒருத்தர் விடைபெற்றுப் போகிறார் என்று நாம் கண்டுகொள்ளவே மாட்டோம், கடைசியில் அதே கை அதே தோளில் விழும்போது நெஞ்சை அடைக்கிறது. நடுவில் படம் நமக்கு என்ன செய்தது என்று யோசித்து எழுதினால் பத்து வரி தானாக வந்துவிடும். எனக்குப் பன்னிரண்டு வந்தது.

வசனமே இல்லாத இடங்களையும் விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன 'பிஃபோர் சன்ரைஸ்' படத்தில், இசைத்தட்டுக் கடையின் குட்டி அறைக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்று பாட்டுக் கேட்பார்கள். அவன் பார்க்கும்போது அவள் பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள், அவள் பார்க்கும்போது அவன் மேலே எங்கேயோ பார்க்கிறான். காமிரா நகரவே நகராது. இதற்கு நான் எழுதிய விமர்சனம் அந்தக் காட்சியைவிட நீளமாகப் போய்விட்டது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போது உயிராக நேசித்த சில படங்களை இப்போது பார்த்தால் எரிச்சல் வருகிறது. நாயகன் பின்னாலேயே சுற்றுகிறான், வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. இதை எழுதினால் தோழிகள் 'அப்போ நீதானே நாலு தடவை பார்த்தாய்' என்கிறார்கள்.

நாலு தடவை பார்த்தேன் என்பதையும் எழுதுங்கள்! உங்கள் விமர்சனத்திலேயே சுவாரசியமான வரி அதுவாகத்தான் இருக்கும். பத்தொன்பது வயதில் எதைக் கண்டு மயங்கினீர்கள், அதே காட்சியில் இப்போது எது உறுத்துகிறது என்று அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். எனக்கும் இது நடந்தது. அந்தக் காலத்தில் நாயகனின் விடாமுயற்சி என்று கைதட்டிய ஒரு காட்சியில், இந்தத் தடவை முதல்முறையாக நாயகியின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் பயந்துபோயிருக்கிறாள். நடிகை அதை ஒழுங்காகத்தான் நடித்திருக்கிறார், நான்தான் இத்தனை வருடம் பார்க்கவில்லை. காலம் மாறிவிட்டது என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிடாதீர்கள், எந்தக் காட்சி என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குச் சோக முடிவு ஆகாது. எனக்குச் சுப முடிவு பிடிக்காது. சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கென்றே எடுத்த மாதிரி ஒன்று இருக்கிறது. 2010-இல் கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா' என்றும் தெலுங்கில் 'ஏ மாய சேசாவே' என்றும் வேறு வேறு ஜோடியை வைத்து ஒரே சமயத்தில் எடுத்தார். இரண்டுக்கும் இசை ரஹ்மான்தான். தமிழில் பிரிகிறார்கள், தெலுங்கில் சேர்ந்துவிடுகிறார்கள். (முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் திட்டாதீர்கள், இத்தனை வருடத்துக்குப் பிறகு அதற்கு மன்னிப்பு உண்டு.) ஆளுக்கு ஒன்று பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். முடிவை மாற்றியதும் அதற்கு முன்னால் வந்த காட்சிகளின் அர்த்தமும் மாறுகிறதா என்று இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிட்டால் சண்டை நிச்சயம்.

கேள்வி: ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டுமா?

நான் போட்டேன், இப்போது அடித்துவிட்டேன். முதல் வாரம் தாராளமாக நாலு நாலாக அள்ளி வீசியதில், மூன்றாம் வாரம் நிஜமாகவே நல்ல படம் வந்தபோது ஆறு போட வேண்டியிருந்தது.

கேள்வி: அழுதீர்களா?

கண்ணில் தூசி விழுந்தது. மூன்று தடவை.

கேள்வி (சவால் விட்ட அதே வாசகி): இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

இன்னும் எட்டுப் படம் பாக்கி இருக்கிறது அம்மா. பட்டியல் இருந்தால் அனுப்புங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி.