சுத்திகரித்த கழிவுநீரில் சொட்டுவான்கள் அடைபடுவது ஏன்?

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீரைத் திறந்த தொட்டியில் தேக்கி, எலுமிச்சை மரங்களுக்குச் சொட்டுநீராகப் பாய்ச்சுகிறேன். சல்லடை வடிகட்டி இருந்தும், இரண்டு மாதங்களில் கடைசி வரிசைச் சொட்டுவான்கள் (குழாயிலிருந்து நீர் சொட்டும் சிறு வாய்கள்) அடைபட்டுவிட்டன. வடிகட்டியை மாற்றினால் தீருமா?

பதில்: பாதிதான் தீரும். சல்லடை வடிகட்டி மணலையும் துருவையும் தடுக்கும். இந்த நீரில் எஞ்சியிருக்கும் கரிமத் துகள்களும் பாசியும் மென்மையானவை என்பதால், அழுத்தத்தில் நெளிந்து சல்லடைக் கண்களைக் கடந்துவிடும். ஆகவே முதலில் மணல் வடிகட்டியும், அதையடுத்து 120 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 120 கண்கள் என்ற நுண்மை) தட்டு வடிகட்டியும் (பள்ளமிட்ட தட்டுகளை அடுக்கியது) அமைப்பதே சரி. தொட்டியில் வெயில் படாதவாறு மூடிவிட்டால் பாசி பெருமளவு குறையும்.

மீதிப் பாதி வடிகட்டியைத் தாண்டியபின் தொடங்குகிறது. நீரில் கரைந்துள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கரிமப் பொருளையும் உண்டு, நுண்ணுயிர்கள் குழாயின் உட்சுவரில் வழவழப்பான படலமாக வளர்கின்றன. சொட்டுவான்கள் பொருத்திய பக்கவாட்டுக் குழாயின் கடைசியில் நீரோட்டம் மந்தமாவதால் அங்கேதான் அது தடிக்கிறது. உங்கள் கடைசி வரிசைகள் முதலில் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். எந்த வடிகட்டியாலும் இதைத் தடுக்க முடியாது.

குளோரின் இடுவதுதான் வழி. எவ்வளவு இடுவது என்பதைத் தொட்டியருகே கணக்கிட வேண்டாம். நீரிலுள்ள அம்மோனியாவும் கரிமப் பொருளும் குளோரினை விழுங்கிவிடுமாதலால், கடைசிச் சொட்டுவானில் சோதித்து, அங்கே லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் எஞ்சும்வரை அளவைக் கூட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் மலிவுதான் என்றாலும் அதன் சுண்ணாம்பு வண்டலே புது அடைப்பாகும். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலே ஏற்றது. உப்புப்படிவைக் கரைக்க அமிலம் செலுத்துவதாயின் அதை வேறொரு நாளில் செய்யுங்கள், ஏனெனில் அமிலமும் குளோரின் கரைசலும் ஒரே கலனில் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

வாரம் ஒருமுறை பக்கவாட்டுக் குழாய்களின் முனைகளைச் சில சில வரிசைகளாகத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவிவிடுங்கள். எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் வேகம் குறைந்து படலம் பெயராது. நொடிக்கு அரை மீட்டர் வேகமாவது வேண்டும். முழுதும் அடைபட்ட சொட்டுவான்களைக் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றிவிடுவது நல்லது.

உரமிடும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள நீரை 10 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், மண்ணுக்கு 20 கிலோ நைட்ரஜன் போய்ச் சேர்கிறது. நீரைப் பரிசோதித்து, அந்த நைட்ரஜன் அளவை யூரியா தரும் நைட்ரஜனிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.