விபத்து பூஜ்யம் என்றால் ஆபத்தும் பூஜ்யமா?

கேள்வி: நிதித்துறையிலிருந்து வந்து, ஓர் உற்பத்தி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். காலாண்டுக் கூட்டத்துக்குப் பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு பக்க அறிக்கை வருகிறது. 'வேலைநாள் இழப்பு விபத்து: 0' என்று அதில் இருக்கும். இதற்கு மேல் நான் என்ன கேட்பது? அன்றாட நிர்வாகத்தில் தலையிடுவதாக ஆகிவிடாதா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று நீங்கள் சொன்னால்தான் தலையீடு. உயிரைப் பறிக்கக்கூடிய ஆபத்துகள் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் அது இயக்குநர் ஒவ்வொருவருக்கும் சட்டக் கடமையே.

அந்தப் பூஜ்யத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். வழுக்கி விழுந்தவர்களையும் கை நசுங்கியவர்களையும் அது கணக்கிடும். வெடிவிபத்து எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைக் காட்டாது. 2005இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். காய விகிதம் குறைந்து வந்ததால் ஆலை பாதுகாப்பாக இருப்பதாக நிர்வாகம் நம்பியிருந்தது.

நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தை இயக்குநர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்பேன். 2010 நவம்பரில் அந்த நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 29 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய 48 நாட்களில், மீத்தேன் வாயு வெடிக்கும் அளவை எட்டியதாக 21 பதிவுகள் இருந்தன. பெரிய சிக்கல் என்றால் மேலாளர்களே சொல்வார்கள் என்று இயக்குநர் குழு எண்ணிக்கொண்டது, தானாகச் சரிபார்க்கவில்லை. விசாரணை ஆணையம் இதைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறது.

ஆகவே கெட்ட செய்தி உங்கள் மேசைவரை வர வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை, அவற்றுக்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். அப்படி ஒன்றுமே பதிவாகவில்லை என்றால் நான் கவலைப்படுவேன். சொல்லப் பயப்படுகிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். ஆலைக்கு நேரில் போங்கள். இரவுப் பணியில் இருப்பவர்களிடமும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும், மேலாளர் உடன் இல்லாமல் பேசுங்கள். பாதுகாப்பு அதிகாரி உங்கள் குழுவை நேரடியாக அணுக முடிகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

உங்கள் நிதி அனுபவம் இங்கே பெரிதும் உதவும். மேலாளர்களின் ஊக்கத்தொகை விபத்து எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தால், காயங்கள் மறைக்கப்படும். பராமரிப்புச் செலவைக் குறைக்கும் திட்டம் வந்தால், எந்தெந்தப் பாதுகாப்புக் கருவிகளின் சோதனை அதனால் தள்ளிப்போகும் என்ற பட்டியலைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை ஒப்புதல் அளிக்காதீர்கள்.