பிட் கிடைத்துவிட்டது சரி, டிக்கெட் காசு யாருடையது?

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நடனம் படிப்பிக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டியின் உடற்பயிற்சிக் கண்காட்சிக்காகப் பழக்கிய 18 பிள்ளைகளின் சியர்லீடிங் (ஆளை ஆள் தூக்கி, கரணம் போட்டு, இசைக்கு ஆடுகிற குழு விளையாட்டு) வீடியோவை ஒரு இணையப் போட்டிக்கு அனுப்பினோம். "உங்கள் அணி உலக சாம்பியன்ஷிப்புக்கு அட்-லார்ஜ் பிட் பெற்றுத் தகுதி அடைந்துவிட்டது, மூன்று வாரத்துக்குள் பதிவுப் பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. இது வலயம், மாகாணம் மாதிரி வென்று மேலே போவதா? பெற்றோரிடம் காசு சேர்க்கலாமா?

பதில்: டீச்சர், இன்னும் சேர்க்கவில்லை என்றால் சேர்க்காதீர்கள். சேர்க்கத் தொடங்கியிருந்தால் யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், இதைப் படித்து முடிக்கும்வரை ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். அந்த மின்னஞ்சல் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற பொருளில் இருக்காது.

நமக்குப் பழக்கமானது ஏணி. கோட்ட மட்டத்தில் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்தால் வலயம், அங்கே வந்தால் மாகாணம், அப்புறம் தேசியம். அமெரிக்காவில் வளர்ந்த போட்டிச் சியர்லீடிங்கில், முக்கியமாக தனியார் ஜிம்களின் ஆல்-ஸ்டார் பிரிவில், அப்படி ஓர் ஏணி கிடையாது. போட்டிகளை நடத்துவது தனியார் கம்பனிகள். பெரிய சாம்பியன்ஷிப்புக்குப் போகிற அனுமதிச் சீட்டுகள் அவர்கள் கையில் இத்தனை என்று இருக்கும், தங்கள் போட்டிக்கு வந்த அணிகளுக்கு அவற்றைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுக்குப் பெயர்தான் பிட். ஏலத்தில் கேட்கிற பிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலிடம் வந்தால் பிட் கிடைத்தே தீரும் என்றும் இல்லை, பல போட்டிகளில் வெவ்வேறு பிரிவுகளின் புள்ளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள், அதனால் தன் பிரிவில் கிண்ணம் வாங்கிய அணி வெறுங்கையோடு போக, வேறொரு பிரிவின் இரண்டாவது அணி பிட்டோடு போவதும் நடக்கும்.

பிட்டில் மூன்று வகை. ஃபுல் பெய்ட் என்றால் பயணம், தங்குமிடம் என்று அணியின் செலவைப் பிட் கொடுப்பவர் ஏற்கிறார். பார்ஷல் என்றால் ஒரு பகுதியை. உங்களுக்கு வந்திருக்கிற அட்-லார்ஜ் என்றால் "வரலாம், வாருங்கள், எல்லாச் செலவும் உங்களுடையது". அவ்வளவுதான். கல்யாணக் கார்ட் வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பஸ் காசும் மொய்யும் நாம்தான் பார்க்க வேண்டும்.

கனடாவில் ஒரு ஜிம்மில் உதவிக் கோச்சாக இருந்த முதல் வருடம் எனக்கே இது விளங்கவில்லை. மேடையில் எங்கள் அணியின் பெயரை வாசித்ததும் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பின்னால் வந்து என் தோளைத் தட்டி, "டிக்கெட்டும் அவையளோ போடினம், தங்கச்சி?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அடுத்த வாரம் ஜிம்மிலிருந்து பில் வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

சரி, "உலக சாம்பியன்ஷிப்" என்ற பெயருக்கு வருவோம். இந்தப் பெயரை எந்தக் கம்பனியும் வைத்துக்கொள்ளலாம். ஆல்-ஸ்டார் ஆட்கள் வெறுமனே "வேர்ல்ட்ஸ்" என்று சொன்னால் அது 2004 முதல் புளோரிடாவின் ஓர்லாண்டோவில், டிஸ்னி வளாகத்தில் ஏப்ரல் மாதத்தில் நடக்கிற போட்டி. அது மேல் நிலை அணிகளுக்கானது. ஆல்-ஸ்டாரில் 1 முதல் 7 வரை நிலைகள் உண்டு, ஒவ்வொரு நிலையிலும் எது செய்யலாம், எது கூடாது என்று விதி இருக்கிறது. உங்கள் வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். பிள்ளைகள் கையை ஊன்றிச் சக்கரம் மாதிரிச் சுழல்கிற கார்ட்வீல் போடுகிறார்கள், ஃப்ளையர், அதாவது மற்றவர்கள் மேலே தூக்குகிற பிள்ளை, இரண்டு காலிலும் நின்றபடி தலைக்கு மேலே போகிறாள், காற்றில் குட்டிக்கரணம் எங்கேயும் இல்லை. இது ஏறத்தாழ 2ஆம் நிலை. சிமெந்துத் தரையில், சொல்லித்தர ஆளில்லாமல் இவ்வளவு செய்திருப்பது எனக்கு ஆச்சரியம்தான், ஆனால் 2ஆம் நிலை அணிக்கு அந்த வேர்ல்ட்ஸ் பிட் வராது. கீழ் நிலை அணிகளுக்கு அங்கேயே மே மாதத்தில் சம்மிட் என்று ஒரு போட்டி இருக்கிறது, அதற்கும் பிட் வேண்டும். ஆகவே உங்களுக்கு வந்தது மூன்றாவது ஏதோ ஒன்று. மோசமானது என்று அர்த்தமில்லை, யார் நடத்துகிறார்கள், போன வருடம் எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை அணிகள் வந்தன என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராவிட்டால் அதுவே பதில்.

இன்னொரு பாதையும் இருக்கிறது, அங்கே பிட் என்ற பேச்சே இல்லை. சர்வதேச சியர் சங்கம், சுருக்கமாக ஐ.சி.யூ. (ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை), 2004இல் தொடங்கியது, 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் பெற்றது. அதன் உலகப் போட்டிக்கு ஜிம்மோ பாடசாலையோ தனியாகப் போக முடியாது. நாட்டின் சங்கம்தான் தேசிய அணியைத் தெரிந்தெடுத்து அனுப்ப வேண்டும். அந்த மின்னஞ்சலில் "நீங்கள் இலங்கையைப் பிரதிநிதித்துவம் செய்வீர்கள்" என்று ஒரு வரி இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள். தேசிய அணி என்ற பெயரில் வெளிநாடு போக 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும், ஒரு தனியார் கம்பனியின் கடிதம் அதற்கு ஈடாகாது. ஐ.சி.யூ. இணையத்தளத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியல் இருக்கிறது, அதையும் ஒருமுறை பாருங்கள்.

பதில் மின்னஞ்சலில் என்ன கேட்பது? பதிவுப் பணம் ஆளுக்கா, அணிக்கா. விசா கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்களா. அவர்கள் சொல்கிற ஹோட்டலில்தான் தங்க வேண்டுமா, ஏனென்றால் பல போட்டிகளில் அது கட்டாயம், வெளியே மலிவாக அறை எடுத்தால் போட்டியிலேயே நிற்க விடமாட்டார்கள். 18 பேரில் நான்கு பேருக்கு விசா இல்லை என்றால் வேறு நான்கு பேரைச் சேர்க்கலாமா. மிச்சத்தை விடுங்கள், இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் சொன்னால் கணக்கில் எடுக்காதீர்கள்.

வயதுதான் நம் பக்கத்தில் பெரிய தலையிடி. சியரில் பிரிவுகள் பிறந்த ஆண்டைப் பார்த்துப் பிரிக்கப்படுகின்றன, கடவுச்சீட்டில் உள்ள திகதிதான் கணக்கு. தோட்டப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். அதைத் திருத்தப் போனால் மூன்று வாரம் காணாது. இந்தப் போட்டிக்குப் போனாலும் போகாவிட்டாலும் 18 பேரின் பிறப்புச் சான்றிதழையும் இப்போதே வாங்கிப் பாருங்கள், நாளைக்கு சாதாரண தரப் பரீட்சைக்காவது உதவும். அரச பாடசாலைப் பிள்ளைகள் என்பதால் அதிபரையும் வலயக் கல்விப் பணிமனையையும் தாண்டி எதுவும் செய்ய வேண்டாம்.

என்னைக் கேட்டால் இந்த வருடம் அந்த அட்-லார்ஜ் பிட்டுக்கு நன்றி சொல்லி விட்டுவிடுவேன். கொழுந்து பறிக்கிற வீட்டிலிருந்து டொலரில் காசு கேட்பதற்கு அது தகுதியான காரணமாக எனக்குப் படவில்லை. அதற்குப் பதிலாக, வீடியோவிலேயே நடக்கிற இணையப் போட்டி இன்னும் இரண்டுக்கு அனுப்புங்கள், ஆனால் நடுவர்களின் புள்ளித்தாளைத் திருப்பி அனுப்புகிற போட்டியாகப் பார்த்து. அந்தத் தாளில்தான் பாடம் இருக்கிறது. கடினத்துக்கு ஒரு புள்ளி, செய்த விதத்துக்கு ஒரு புள்ளி, விழுந்தால் கழிவு.

உங்கள் வீடியோவில் 48ஆவது செக்கனில் இடது பக்க ஃப்ளையரைப் பாருங்கள். மேலே போனதும் அவளுடைய வலது முழங்கால் லேசாக மடிகிறது, உடனே கீழே நிற்கிற பிள்ளையின் முழங்கை விரிகிறது, பின்னால் நிற்பவள் கணுக்காலை விட்டுவிட்டு இடுப்பைப் பிடிக்கப் பார்க்கிறாள். ஃப்ளையர் கீழே பார்ப்பதுதான் காரணம். எதிர்ச் சுவரில் அவள் கண் உயரத்துக்கு ஒரு சோக்குக் கோடு போட்டு அதையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த மண்டபத்துக் கூரைத் தகரத்துக்கும் அவள் கைக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கிறது, மழை இல்லாத நாளில் மைதானத்துப் புல்லுக்கு இறங்குங்கள். மெத்தை கிடைக்கும்வரை பிள்ளைகளைத் தூக்கி எறிந்து பிடிக்கிற எதுவும் சிமெந்தில் வேண்டாம்.